லயத்து வீடா, சொந்த நிலமா? அகப்பக்கம் கட்டப் போகும் தம்பி தங்கைகளுக்கு



சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு கோயில் மண்டபம். தேவார வகுப்பு முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கை ஒருத்தி வந்து நின்றாள். “அண்ணே, நம்ம கோயிலுக்கு ஒரு அகப்பக்கம் செய்யலாம்னு இருக்கோம். எந்த சாப்ட்வேர் நல்லது? வேர்ட்பிரஸ்ஸா, விக்ஸா?”

பக்கத்தில் இருந்த தம்பி விடவில்லை. “அதெல்லாம் எதுக்கு? பேஸ்புக்ல ஒரு பேஜ் தொறந்தா போதும்.” இன்னொருத்தன், “ஏஐ கிட்ட சொன்னா அதுவே கட்டிக் கொடுத்திடும்” என்றான்.

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டுவிட்டார்கள். என்ன போடப் போகிறோம், யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள், நாளைக்கு இந்த இடம் மூடப்பட்டால் நம் சாமான்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் சாப்ட்வேர் பெயர். அன்று மண்டபத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கிளை வகுப்பில் ஒரு பாடமாக வைத்துப் படிக்கலாம்.

கம்பெனி வீடு

நம் தாத்தா பாட்டி குடியிருந்தது லயத்து வீடு. வாசலில் கனகாம்பரம், பின்னால் முருங்கை, நடுவில் சாமி மாடம் என்று அவர்கள் அதைத் தங்கள் வீடாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் முப்பது வருஷம் இருந்தாலும் அது கம்பெனி வீடு. தோட்டம் கைமாறினால் வீடும் போகும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது எத்தனையோ குடும்பங்கள் பெட்டியைக் கட்ட வேண்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. “நம் பெயரில் ஒரு துண்டு நிலம்” என்பதுதான் அதன் அடிப்படை.

முகநூல் பக்கமும் லயத்து வீடு மாதிரிதான். வாடகை இல்லை, தண்ணீர் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஆள் கூப்பிட அதைவிட வசதியான இடம் கிடையாது. இருங்கள், தாராளமாக இருங்கள். ஆனால் கோயில் வரலாற்றை அங்கே மட்டும் வைத்துவிடாதீர்கள். போன வருஷத் தீமிதிப் படத்தைத் தேடி முகநூலில் விரலால் தள்ளிக்கொண்டே போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இது வெறும் பயம் இல்லை. 1990களில் ஜியோசிட்டீஸ் என்று ஒரு இடம் இருந்தது. இலவசமாக அகப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அங்கே குடியேறினார்கள். 1999-ல் யாகூ அதை வாங்கியது, 2009-ல் மூடியது. அதே யாகூ நடத்திய குழுமங்களில்தான் தமிழர்கள் பல ஆண்டுகள் கூடிப் பேசினார்கள். சுங்கைப் பட்டாணி மருத்துவர் எஸ். ஜெயபாரதி நடத்திய ‘அகத்தியர்’ குழுமத்தில் சமயம், வரலாறு, இலக்கியம் என்று எவ்வளவோ எழுதப்பட்டது. அவர் ‘விஸ்வகாம்ப்ளெக்ஸ்’ என்று தனியாக அகப்பக்கமும் வைத்து அங்கேயும் கட்டுரைகளைப் போட்டு வந்தார். 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மொத்தமாக மூடப்பட்டன. பெரிய கம்பெனிதான். இருந்தும் மூடிவிட்டது.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்று. நம் வட்டாரத்தில் ஒரு கோயிலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு இளைஞர்கள் நல்ல அகப்பக்கம் செய்தார்கள். மூன்று பெரியவர்களை உட்கார வைத்துப் பேசி, கோயில் தோட்டத்துக்குள் எந்த மரத்தடியில் தொடங்கியது, முதல் பூசாரி யார், முதல் காவடி எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்று எழுதிப் போட்டார்கள். டொமேன் பெயரை ஒரு அண்ணன் தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்த கிரெடிட் கார்டில் பதிந்திருந்தார். நல்ல மனசுதான், கோயிலுக்குச் செலவு வேண்டாம் என்று. பிறகு அவருக்கு வெளியூரில் வேலை. கார்டு காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவர் இப்போது பார்க்காத பெட்டியில் விழுந்தன. பெயர் கைவிட்டுப் போனது. யாரோ வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். கோயில் பெயரைத் தட்டினால் சீட்டுக்கட்டு வருகிறது! எழுதியதன் மூலப் பிரதி ஒருவரிடமும் இல்லை. பேசிய மூன்று பெரியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. அது கடைசி நாள் வரைக்கும் நன்றாகவே ஓடியது.

வீட்டில் மூன்று பொருள்

அகப்பக்கம் என்பது ஒரே பொருள் இல்லை, மூன்று. முதலில் சாமான்: நீங்கள் எழுதியது, படங்கள், குரல் பதிவுகள். அடுத்தது நிலம்: அந்தக் கோப்புகள் எந்தக் கணினியில் இருக்கின்றன என்பது. இதைத்தான் ஹோஸ்டிங் என்கிறார்கள். மூன்றாவது வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை: டொமேன் பெயர். இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்திருந்தால் நிலத்தை மாற்றலாம், பலகையை எடுத்துப் புது வாசலில் மாட்டலாம், சாமானை லாரியில் ஏற்றலாம். மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே பெட்டிக்குள் பூட்டினால், சாவி அவர்கள் கையில்.

மூன்றிலும் பெரியது சாமான்தான். அதிலும் எழுத்து. இதைச் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

எழுத்து நிலைத்த கதை

இணையத்தில் தமிழ் வந்ததில் நம் பக்கத்து மனிதர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை உருவாக்கினார். 1995-ல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் ஏறியது அவருடைய முயற்சியால். நம் சிலாங்கூரில், கேரித் தீவுத் தோட்டத்துப் பிள்ளையான முத்து நெடுமாறன் 1985-லேயே கணினியில் தமிழ் எழுதும் ‘முரசு’ வேலையைத் தொடங்கிவிட்டார். அதுதான் பிறகு முரசு அஞ்சல். 2005 பொங்கலுக்கு வந்த செல்லினம் கைப்பேசியில் தமிழ் அனுப்ப வைத்தது. கேரித் தீவும் நம்மைப் போலவே கடலோரத் தோட்டப் பகுதி என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் உள்ளே ஒவ்வொரு கணக்கு. ஒருவர் அனுப்பியதைப் படிக்க அவருடைய எழுத்துருவை நாமும் இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் புரியாத கிறுக்கல்தான். டிஸ்கி, டாம், டாப் என்று பல தரங்கள் வந்தன. சிங்கப்பூர், சென்னை மாநாடுகளைத் தொடர்ந்து 2001-ல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு நடந்தது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்த பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் ஒரே கணக்குக்கு வந்தார்கள். இன்று நீங்கள் புலனத்தில் தமிழில் அனுப்புவது எந்த நாட்டுக் கைப்பேசியிலும் அப்படியே தெரிகிறதே, அது யூனிகோடு.

இந்த மாற்றங்களுக்கு நடுவில் ஒரு வேலை உடையாமல் நின்றது. 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் வீட்டில் உட்கார்ந்து திருக்குறள், திருமுறை, சங்க இலக்கியம் என்று தட்டச்சு செய்து அனுப்பினார்கள். சம்பளம் கிடையாது. தொடக்கத்தில் பழைய எழுத்துரு, பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு. கருவி மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் நூல்கள் எளிய எழுத்துக் கோப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ள முடிந்தது. பக்கங்களின் தோற்றத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்புகூட வரலாம், அவ்வளவு எளிமை. ஆனால் இன்றும் திறக்கிறது.

ஆகவே முதல் வேலை: எழுதுவதை எல்லாம் யூனிகோடில் எழுதி, அகப்பக்கத்துக்கு வெளியே ஒரு கோப்பாகச் சேமியுங்கள். கைப்பேசியில் செல்லினம் அல்லது ஜிபோர்டு, கணினியில் முரசு அஞ்சல் அல்லது விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகை, எது வேண்டுமானாலும் சரி.

கோயிலில் பழைய கும்பாபிஷேக மலர் இருக்கும். அச்சகத்தில் கேட்டால் கோப்பு கிடைக்கலாம். அது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். சோதிப்பது சுலபம்: இரண்டு வரியை நகல் எடுத்துப் புலனத்தில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால் பழசு. பழசாக இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன. கோப்பே இல்லை, புத்தகம் மட்டும்தான் என்றால், பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் அது தமிழை எழுத்தாகப் படித்துக் கொடுக்கும். பிழை இருக்கும், ஒரு ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஆனால் முழுக்கத் தட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது கருவிக்கு வருவோம்

முதல் பாடத்துக்கு என் யோசனை கொஞ்சம் பழைய பாணி. நோட்பேடில் ஒரே ஒரு பக்கத்தைக் கையாலேயே எழுதிப் பாருங்கள். எச்டிஎம்எல் என்பது பயப்படும் விஷயம் இல்லை. தலைப்புக்கு எச்-1 என்ற குறி, பத்திக்கு பி, படத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று. இந்த நாலைந்து குறி தெரிந்தால் ஒரு மாலை நேரத்தில் பக்கம் தயார். டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் வெளியிட்ட உலகின் முதல் அகப்பக்கமும் இப்படிப்பட்ட குறிகளால் ஆனதுதான். அதன் பிரதியை உங்கள் கைப்பேசியில் இன்றும் திறந்து படிக்கலாம்.

தமிழுக்கு இங்கே மூன்று கவனம் வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்று இருக்க வேண்டும். புது விண்டோஸில் நோட்பேடு தானாகவே அப்படிச் சேமிக்கும். பழைய கணினியில் ‘ஆன்சி’ என்று சேமித்துவிட்டால், மறுபடி திறக்கும்போது உங்கள் தமிழ் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறியாக நிற்கும். திரும்ப வராது. இரண்டாவது, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதே யூடிஎஃப்-8 குறியைப் போட வேண்டும். மூன்றாவது, பக்கம் கைப்பேசி அகலத்துக்குப் பொருந்தச் சொல்லும் ‘வியூபோர்ட்’ குறி. பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள்.

கொஞ்சம் பழகியதும் நோட்பேடை விட்டு விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற இலவசக் கருவிக்கு மாறுங்கள். குறியைத் திறந்தால் மூடும் குறியைத் தானாகவே போட்டுவிடும். இப்படிச் செய்த பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் மாதிரி இடத்தில் காசில்லாமல் வைக்கலாம்.

ஏஐ பற்றி அந்தத் தம்பி சொன்னதும் இங்கேதான் வருகிறது. கேட்டால் அழகான எச்டிஎம்எல் எழுதித் தரும். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது தந்ததை வாசித்து, எந்த வரி எதைச் செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்குத்தான் முதலில் கையால் ஒரு பக்கம். இன்னொன்று, கோயில் வரலாற்றை மட்டும் அதனிடம் எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் தோட்டத்து மாரியம்மனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாததையும் தெரிந்த மாதிரி எழுதிக் கொடுக்கும்.

கையால் எழுதுவது கற்றுக்கொள்ள. கிளையின் உண்மையான அகப்பக்கத்துக்கு, எல்லாரும் புகுந்து எழுதும்படியான கருவி வேண்டும். அதில் முக்கியமானவை மூன்று.

பிளாகர் பழசு. 1999-ல் தொடங்கி, 2003-ல் கூகுளுக்குக் கைமாறியது. பெரிய அழகு இல்லை. “இதெல்லாம் இன்னும் யாரு யூஸ் பண்றாங்க?” என்று கேட்பீர்கள். ஆனால் இலவசம், கைப்பேசியிலிருந்தே எழுதலாம், சொந்த டொமேன் பெயரை மாட்டலாம், எழுதியது அத்தனையையும் கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ளலாம். ஹேக் ஆகிறது, அப்டேட் செய்ய வேண்டும் என்ற கவலையும் இல்லை. அதுவும் கம்பெனி வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகையும் சாமானும் உங்கள் கையில் இருக்கும் கம்பெனி வீடு.

வேர்ட்பிரஸ் 2003-ல் வந்தது. இன்று உலகின் அகப்பக்கங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் ஓடுகிறது. இங்கே புதியவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் குழம்புவார்கள். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே இடம் கொடுத்து நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஓஆர்ஜி-யில் கிடைப்பது மென்பொருள் மட்டும். அது இலவசம், ஆனால் நீங்கள் ஹோஸ்டிங் வாங்கி அதில் நிறுவ வேண்டும். இரண்டாவதுதான் சொந்த நிலம். சொந்த நிலம் என்றால் புல் வெட்டும் வேலையும் நமக்குத்தான். மாதத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே போய் அப்டேட் செய்ய வேண்டும், பிளகின்களைக் கண்டபடி சேர்க்கக் கூடாது, பேக்கப் எடுக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்ட வேர்ட்பிரஸ் தளத்துக்குள் திருடன் நுழைவது சர்வ சாதாரணம். எஸ்.பி.எம். முடிந்து நீங்கள் பல்கலைக்கழகம் போன பிறகு அந்தப் புல்லை யார் வெட்டுவது? பெயர் சொல்ல ஒரு ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ் எடுங்கள். இல்லையென்றால் பிளாகர். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விக்ஸ் மாதிரியானவை இழுத்து வைத்துக் கட்டுபவை. இரண்டு மணி நேரத்தில் கண்ணைப் பறிக்கும் பக்கம் வந்துவிடும். ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இலவசத் திட்டத்தில் சொந்தப் பெயரும் மாட்ட முடியாது. தைப்பூசப் பாதயாத்திரைக்கு மூன்று மாத அறிவிப்புப் பக்கம் என்றால் சரி. மூன்று தலைமுறை வரலாற்றுக்கு வேண்டாம்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்ன சோதனை. விளம்பரத்தில் ஆங்கிலத்தில் அழகாகத் தெரியும் டெம்பிளேட், தமிழில் உடைந்துபோகும். நம் சொற்கள் நீளம். ‘கும்பாபிஷேகத்திற்கு’ என்று மெனுவில் போட்டு, சின்னத் திரைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். சொல் வெளியே வழிந்தால் வேறு டெம்பிளேட். வரிக்கு வரி இடைவெளியும் ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். இல்லையென்றால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் கொம்பும் முட்டிக்கொள்ளும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம், படிக்கவும் சுகம்.

வீட்டில் கணினி இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நாடி என்று இப்போது அழைக்கப்படும் அரசாங்க இணைய மையம் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எழுதுகிற வேலை, பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிற வேலை, படம் எடுக்கிற வேலை எல்லாவற்றுக்கும் கைப்பேசி போதும்.

படம், பெயர், சாவி

கைப்பேசிப் படம் ஒன்று 4 எம்பி வரும். திருவிழாப் படம் 40 போட்டால் 160 எம்பி. டேட்டா போட்டுப் பார்க்கும் பாட்டிக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. கிம்ப் போன்ற இலவசக் கருவியில் படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 200 கேபி-க்குள் சேமித்தால் நாற்பதும் சேர்ந்து 8 எம்பி. மூலப் படத்தை மட்டும் அழிக்காமல் ஹார்டு டிஸ்கில் வையுங்கள். திருவிழா அழைப்பிதழைப் படமாக மட்டும் ஒட்டிவிடாதீர்கள். தேதியும் உபயகாரர் பட்டியலும் எழுத்தாக இருந்தால்தான் தேடினால் அகப்படும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சின்னப் பிள்ளைகளின் முழுப் பெயரோடு படம் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

தேடினால் அகப்படுவது என்றதும் நம் ஊர்ப் பெயரே ஒரு பாடம். சுங்கை ஆயர் தாவார் என்றால் நன்னீர் ஆறு. பழைய மலாய் எழுத்துமுறையில் ‘ஆயர்’ என்பதை ஏ-ஒய்-இ-ஆர் என்று எழுதினார்கள். 1972-ல் எழுத்துமுறை மாறிய பிறகு ஏ-ஐ-ஆர். சட்டமன்றத் தொகுதிப் பெயரில் புதுசு, அஞ்சல் முகவரியில் இன்னும் பழசு. கோல சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன் இங்கிருந்து ஷா ஆலமுக்கோ கிள்ளானுக்கோ போன குடும்பத்துப் பேரப்பிள்ளை, பாட்டி சொன்ன பழைய பெயரைத்தான் தட்டித் தேடும். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர், நம் ஆட்கள் பேச்சில் கூப்பிட்ட பெயர், இப்போதைய பெயர் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். தமிழிலும் மலாய் எழுத்திலும் இருக்கட்டும். இதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது.

கடைசியாகச் சாவி. டாட் மை பெயர்களை நிர்வகிப்பது மைனிக். பதிவு பெற்ற அமைப்புகளுக்கு டாட் ஓஆர்ஜி டாட் மை உண்டு. வாங்கும்போது முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள். பதிவு செய்வது தனி ஆளின் மின்னஞ்சலில் இல்லை; கோயிலுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, செயலாளரும் இளைஞர் பகுதிப் பொறுப்பாளரும் இரண்டு பேரும் கடவுச்சொல் வைத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். நிர்வாகம் மாறும்போது உண்டியல் சாவி, நகைப் பெட்டிச் சாவியோடு இதையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். சில பெரியவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பக்கம் வெளியானதும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போய் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். செலவில்லை, ஒரு நிமிஷ வேலை. மேலே சொன்ன கோயிலின் பக்கங்களில் இரண்டை நாங்கள் அங்கேதான் தேடி எடுத்தோம். யாரோ எப்போதோ சேமித்திருந்தது. முதல் பூசாரியின் பெயர் அதில் இருந்தது. காவடி எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்ற பக்கம் கிடைக்கவில்லை.

கிளை வகுப்புக்குப் பயிற்சி

இரண்டிரண்டு பேராகச் சேருங்கள். உங்கள் கோயிலின் மூத்தவர் ஒருவரிடம் போய், அனுமதி கேட்டு, அரை மணி நேரம் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கேட்க வேண்டியது: கோயில் முதலில் இருந்த இடம், தோட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர், அவருக்கு நினைவிருக்கும் முதல் திருவிழா. அதை யூனிகோடில் ஒரு பக்க அளவுக்கு எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள்: ஒன்று விரலியில், ஒன்று கோயில் மின்னஞ்சலில். பிறகு நோட்பேடில் அதை எச்டிஎம்எல் பக்கமாக்கி, வேறொருவர் கைப்பேசியில் திறந்து தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடித்த பிறகு, எந்த சாப்ட்வேர் என்று அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்துக்கொள்ளலாம். அந்தத் தங்கை இப்போதே ஒரு பாட்டியைப் பிடித்துவிட்டாள். பாட்டிக்குக் காலை பத்து மணிக்கு மேல்தான் பேச நேரமாம்.